துடுப்பு என் கைக்கு வந்த வெள்ளிக்கிழமை

கடையில் இப்போது குக்கீஸ் என்று சொல்கிறார்கள். நான் வேலை பார்த்த முப்பத்து நான்கு வருடமும் அதை பிஸ்கட் என்று சொல்லித்தான் சுட்டேன். ஒரு பிஸ்கட்டும் அதற்காகக் கோபித்துக்கொண்டதில்லை.

போன மாதம் கடையிலிருந்து பிரியா என் வீட்டுக்கு வந்தாள். பழைய முதலாளியின் மகன் வேலைக்கு வைத்திருக்கும் பெண். பிஸ்கட்டைப் படம் எடுத்துப் போனில் ஏற்றுவதுதான் அவளுக்கு வேலை. மாவைத் தொடாமல் செய்கிற பேக்கரி வேலை ஒன்று இருக்கிறது என்பது எனக்கு ஓய்வு பெற்ற பிறகுதான் தெரிகிறது. குச்சியில் செருகிய போனை என் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"ஆன்ட்டி, ராயபுரத்துலயே பேக்கரி அடுப்புல நின்ன ஃபர்ஸ்ட் லேடி நீங்கதானாமே. எப்டி அந்த இடத்துக்கு வந்தீங்கன்னு ஒரு நிமிஷத்துல சொல்லுங்க. கேக்கறவங்களுக்குத் தெம்பா இருக்கணும்."

இந்தக் கிறிஸ்துமஸுக்கு விற்கப்போகும் மின்ட் சாக்லேட் பிஸ்கட் டப்பாவின் மூடியில் என் படம் வருகிறதாம். காட்டினாள். முகத்தில் ஒரு சுருக்கம் இல்லை. தலையில் நான் வாழ்நாளில் போட்டறியாத வெள்ளைத் தொப்பி. கீழே 'ரெஜினா ஆன்ட்டியின் கைமணம்' என்று வளைத்து வளைத்து எழுதியிருந்தது. இவ்வளவு அழகாக நான் இருந்திருந்தால் அடுப்பங்கரைப் பக்கம் எதற்குப் போயிருக்கப் போகிறேன்?

ஒரு நிமிடத்தில் சொல்ல வராது, எழுதித் தருகிறேன் என்று அவளை அனுப்பிவிட்டேன். நான் செய்முறை எழுதுகிறேன் என்று கடையில் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். நினைக்கட்டும், செய்முறையும் இதில் இருக்கிறது.

இருபத்தாறு வயதில் கிஸ்மிஸில் கல் பொறுக்கும் வேலைக்குச் சேர்ந்தேன். இரண்டு வருடம் கல், மூன்று வருடம் முட்டை உடைப்பது, அதன் பிறகு ஐசிங் மேஜை. என் பயிற்சிக் காலம் அவ்வளவுதான்.

கடையின் அமைப்பைச் சொல்லிவிடுகிறேன். முன்னால் விற்பனை. அதன் பின்னால் ஐசிங் மேஜை, அங்கே ஆறு பெண்கள். எங்களுக்குப் பின்னால் இடுப்புயரத்துக்கு ஒரு குட்டைச் சுவர். அதைத் தாண்டினால் செங்கல் அடுப்பு. ஒரு சின்ன அறை அளவுக்கு உள்ளே போகும். பெண்கள் அந்தச் சுவரைத் தாண்டக்கூடாது என்பது கடையின் சட்டம். அடுப்புச் சூடு பெண்கள் உடம்புக்கு ஆகாதாம். அந்தப் பெண்கள் மூன்று வேளையும் வீட்டில் எதன் முன்னால் நின்று சமைக்கிறார்கள் என்று சட்டம் போட்டவர்கள் விசாரிக்கவில்லை.

சுவருக்கு அந்தப் பக்கம் ஷரீப் பாயின் ராஜ்ஜியம். அவர்தான் மாஸ்டர். நான் சொல்லவரும் சம்பவத்தின்போது ஐம்பது வயதிருக்கும். குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. கத்துகிற மாஸ்டரைச் சமாளித்துவிடலாம், நாமும் முணுமுணுத்துக்கொள்ளலாம். இவர் தப்புச் செய்தவரைப் பார்த்துவிட்டுத் திரும்பி வேலையைப் பார்ப்பார். அன்று முழுக்கச் சோறு இறங்காது.

விடியும் முன்பே அடுப்புக்குள் சவுக்குக் கட்டையைப் போட்டு எரிப்பார்கள். கட்டை முழுக்கத் தணலானதும் வெளியே வாரிக் கொட்டிவிட்டு, நீண்ட கழியில் கட்டிய ஈரச் சாக்கால் தரையைத் துடைத்து, இரும்புக் கதவை மூடி, சூடு ஒரு சமனுக்கு வரும்வரை காத்திருப்பார்கள். பிறகு பாய் ஒரு சிட்டிகை மைதாவை உள்ளே வீசி, உதடு மட்டும் அசைய எண்ணுவார். பத்துக்குள் கறுத்தால் இன்னும் பொறுக்க வேண்டும். இருபதில் சிவந்தால் பன்னும் ரொட்டியும். முப்பது தாண்டினால் கேக். நாற்பது எண்ணியும் மைதா லேசாகத்தான் நிறம் மாறுகிறது என்றால் பிஸ்கட். சூடு இறங்க இறங்க ஒவ்வொன்றாக உள்ளே போகும். எண்ணும்போது குறுக்கே பேசுகிறவர் யாராக இருந்தாலும் அந்தப் பார்வை உண்டு, முதலாளி உட்பட.

உள்ளே தள்ளவும் எடுக்கவும் ஆள் உயரத்துக்கு மேல் நீண்ட கைப்பிடி வைத்த ஒரு மரப்பலகை இருந்தது. காசிமேட்டு மீனவர் யாரோ வைத்த பெயர், துடுப்பு என்போம். பாய் அதை எப்போதும் அடுப்புக்கு இடது பக்கமாகத்தான் சாய்த்து வைப்பார். பதினோரு வருடம் நான் சுவருக்கு இந்தப் பக்கம் நின்று, கையில் கிஸ்மிஸோ முட்டையோ ஐசிங் பொட்டலமோ எது இருந்தாலும், அந்தத் துடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நகைக்கடை வாசலில் நின்று சிலர் பார்ப்பார்களே, அப்படி. வெட்கமாக இருந்தாலும் உண்மை அதுதான்.

ஒரு டிசம்பரில், துறைமுகத்துக்குப் பக்கத்தில் இருந்த ஒரு கப்பல் ஏஜென்ட் அலுவலகம் பெரிய ஆர்டர் ஒன்று கொடுத்தது. அவர்களுடைய வெளிநாட்டுப் பெரிய அதிகாரிகளுக்குப் பரிசாகக் கொடுக்க மின்ட் சாக்லேட் பிஸ்கட், மேலே அலங்காரத்தோடு. மாதிரிக்கு ஒரு வண்ணப்படமும் அனுப்பியிருந்தார்கள். அதில் பனி மனிதன் இருந்தான். ராயபுரத்தில் பனி எங்கே விழுந்திருக்கிறது? சிமென்ட் தூசிதான் விழும். ஷரீப் பாய் படத்தைத் தலைகீழாகவும் திருப்பிப் பார்த்தார்.

"இன்னாமா இது? இட்லி மேல இட்லிய வெச்சு மூக்குல கேரட்டு சொருவிக்கிறான்?"

"பனில செஞ்ச பொம்ம பாய்."

"துன்றதுல பொம்மயா? சர்தான்."

நான் வரைந்த கலைமான்கள் எல்லாம் காசிமேட்டு வெள்ளாடுகள் மாதிரியே இருந்தன. அதிகாரிகள் யாரும் புகார் சொல்லவில்லை. அவர்கள் காசிமேட்டு வெள்ளாட்டைப் பார்த்ததில்லை போலிருக்கிறது.

இப்போது செய்முறை. பிரியா, இதைக் குறித்துக்கொள். வெண்ணெயும் பொடித்த சர்க்கரையும் வெளுக்கும்வரை குழைத்து, கோக்கோவும் மைதாவும் சலித்துச் சேர்த்து, மாவைக் குளிரவைத்து, தேய்த்து, அச்சில் வெட்ட வேண்டும். சாக்லேட் பிஸ்கட்டின் கஷ்டம் என்னவென்றால், உள்ளே போகும்போதே அது கறுப்பு. வெந்ததா, கருகியதா என்று நிறத்தை வைத்துச் சொல்ல முடியாது. ஓரத்தை விரலால் தொட்டும் மோந்தும்தான் சொல்ல வேண்டும். அதற்குத்தான் ஷரீப் பாயின் மூக்கு. தெருமுனையில் வரும்போதே அடுப்புக்குள் இருப்பது எத்தனை நிமிடம் வெந்திருக்கிறது என்று சொல்லுகிற மூக்கு.

பெப்பர்மின்ட் எண்ணெயை மேலே போடும் ஐசிங்கில்தான் கலக்க வேண்டும் என்றார் பாய். மாவில் கலந்தால் சூட்டில் ஆவியாகிப் பறந்துவிடும். பிஸ்கட்டில் தங்காமல் அடுப்பில்தான் தங்கும். முதலாளி கேட்கவில்லை. டப்பாவைத் திறந்ததும் வாசனை ஆளைத் தூக்க வேண்டும், மாவிலும் ஊற்று என்று சொல்லிவிட்டார். முதலாளி மாவு பிசைந்து நான் பார்த்ததில்லை. அதனால்தான் அவ்வளவு உறுதியாகச் சொல்ல முடிந்தது.

"ஊத்திக்கலாம்," என்றார் பாய். "ஆனா அது தனியா வேவணும். மத்தது எல்லாம் வெளிய வந்த அப்பால."

மற்றது என்று அவர் சொன்னது வீட்டு டின்களை. எங்கள் பக்கத்தில் கிறிஸ்துமஸ் கேக்குக்கு வீட்டிலேயே மாவு கலந்து, தகர டின்னில் ஊற்றி, பேக்கரிக்குக் கொண்டுவந்து சுட்டு வாங்கிப் போவார்கள். ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு கலவை. ஆகஸ்டிலேயே பழத்தை ஊறப்போட்டுவிடுவார்கள். டின்னில் பேர் எழுதிய காகிதத்தை ஒட்டினால் எரிந்துபோகும் என்பதால், மாவை நூல்போலத் திரித்து கேக்கின் தலையிலேயே எழுத்தாக வைப்பேன். மூன்று அந்தோணிகள், நாலு மேரிகள் வரும்போது எழுத்தோடு ஒரு புள்ளியும் சேர்த்து வைப்பேன். அந்த டின்களை வாங்கிவைக்கும்போது பாய் இரண்டு கையாலும் வாங்குவார். மற்றவர் வீட்டுப் பண்டிகை தன் கையில் இருக்கிறது என்பது அவருக்குத் தெரியும்.

கிறிஸ்துமஸுக்கு இரண்டு நாள் முன்பு, வெள்ளிக்கிழமை. பன்னிரண்டரை மணிக்கு முப்பத்தொரு வீட்டு டின்கள் அடுப்புக்குள் இருந்தன. வெட்டிய மின்ட் பிஸ்கட் ஆறு தட்டுகளில் மேஜைமேல் காத்திருந்தது. பாய் கைகால் கழுவிக்கொண்டு ஜும்மா தொழுகைக்குக் கிளம்பினார். ஒவ்வொரு வெள்ளியும் போகிறதுதான். சுவரருகே நின்று என்னிடம் சொன்னார்.

"ரெஜினாமா, கதவ யாரும் தொறக்க வேணாம். டின்ன நான் வந்து எடுக்கறேன். அப்பாலதான் பிஸ்கட்டு."

அவர் போய்க் கால் மணியில் முதலாளி வந்தார்.

"பிஸ்கட்டு இன்னாச்சு?"

"பாய் வந்ததும் தள்ளிடுவாரு மொதலாளி."

"நாலு மணிக்கு வண்டி வருது. ஐசிங்கு காய வேணாமா? எப்டியோ முடி."

எப்படியோ முடி என்பது முதலாளிகளுக்கு மிகவும் வசதியான வாக்கியம். அதில் எந்தத் தப்பும் அவர்கள் கையில் ஒட்டாது. ஆனால் என்னைத் தள்ளச் சொன்னது அவர் இல்லை. மற்ற பெண்கள் சாப்பிடப் போயிருந்தார்கள். கட்டை போடுகிறவரும் டீக்கடைக்குப் போயிருந்தார். நான் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு சுவரைத் தாண்டினேன். வேலையைக் காப்பாற்றத்தான் தாண்டினேன் என்று பல வருடம் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். அது பொய். துடுப்பைத் தொட்டுப் பார்க்கத்தான் தாண்டினேன்.

கதவைத் திறந்து, டின்களை ஒரு ஓரமாக ஒதுக்கி, ஆறு தட்டையும் தள்ளினேன். துடுப்பு நினைத்ததைவிடக் கனம். ஆனாலும் கை தடுமாறவில்லை. பன்னிரண்டு நிமிடம். ஓரத்தைத் தொட்டேன், எடுத்தேன். சரியாக வெந்திருந்தது. எடுக்கும்போது கதவு பட்டு முழங்கைக்குக் கீழே ஒரு கோடு சுட்டது. அதுகூட அப்போது வலிக்கவில்லை. அவ்வளவு சந்தோஷம். பிஸ்கட்டுகளை ஆறவைத்து, மேஜைக்குத் திரும்பிய பெண்களோடு உட்கார்ந்து பனி மனிதனுக்கு மூக்கு வைக்க ஆரம்பித்தேன்.

பாய் தெருவாசலிலேயே நின்றுவிட்டார்.

மூக்கைத் தூக்கி ஒரு தடவை மூச்சை இழுத்தார். நேராக அடுப்புக்குப் போய்க் கதவைத் திறந்தார். ஒரு டின்னை வெளியே இழுத்து மோந்தார். இன்னொன்றையும் இழுத்து மோந்தார். துடுப்பு வலது பக்கமாகச் சாய்ந்திருந்தது. அதைப் பார்த்தார். பிறகு என் கையில் இருந்த சிவப்புக் கோட்டைப் பார்த்தார்.

"கைல தண்ணி ஊத்து," என்றார். மீதி டின்களை எடுக்கத் திரும்பினார்.

மூன்று மணிக்கு டின்காரர்கள் வர ஆரம்பித்தார்கள். முதலில் துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்ற அந்தோணி அண்ணன். கேக்கின் ஓரத்தைக் கிள்ளி வாயில் போட்டார்.

"இன்னா பாய் இது? கேக்கா, பல்பொடியா?"

அடுத்து வந்த மேரி அக்கா டின்னை முகத்தருகே கொண்டுபோனதும் அழுதுவிட்டார். "நாலு மாசம் ஊறவெச்ச பழம் பாய். எங்க வூட்டுக்காரரு கப்பல்லேர்ந்து இந்த வாட்டிதான் கிறிஸ்மஸுக்கு வூட்ல கீறாரு." பின்னால் வந்தவர்கள் ஒவ்வொருவராக மோந்து பார்க்க, சத்தம் தெருவுக்குப் போனது. முதலாளி ஓடிவந்தார். ஒரு கேக்கை மோந்தார். அவருக்கே புரிந்துவிட்டது.

"எவ தள்ளுனது? சொவுத்தத் தாண்டுனது எவ? நாளைலேர்ந்து இந்த மேசையே வேணாம். ஆறு பேரும் வூட்டுக்குக் கெளம்புங்க. ஐசிங்கு மிஷினு வாங்கிக்கறேன்."

ஐந்து பெண்களும் என்னைப் பார்த்தார்கள். நான் தரையைப் பார்த்தேன். வாயைத் திறந்திருக்க வேண்டிய நேரம் அது. நாக்கு என்று ஒன்று இருக்கிறதே, தினமும் எவ்வளவு பேசும்! அன்று அது எங்கே போனதோ தெரியவில்லை.

"நான்தான் சொன்னேன், மொதலாளி," என்றார் பாய். "நேரமாவுது, நீ தள்ளிடுன்னு சொல்ட்டுத் தொழுவப் போனேன். சொன்னதத்தான் அது செஞ்சுது. பொம்பளைங்க மேல தப்பு இல்ல."

கூட்டத்துக்கு ஒரு ஆள் தேவையாக இருந்தது, முதலாளிக்கும் தேவையாக இருந்தது. "வேலைக்கு வராத பாய், போ," என்றார். பாய் மேல்துண்டை உதறி மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு நடந்து போனார். நாலு மணிக்கு வண்டி வந்து பிஸ்கட்டை ஏற்றிக்கொண்டு போனது. பிரமாதமாக இருந்ததாக அலுவலகத்திலிருந்து போன் வந்தது. இருக்காதா பின்னே.

இதுவரை நடந்தது கடையில் பழைய ஆட்கள் சிலருக்குத் தெரியும். இனிமேல் எழுதுவது எனக்கும் முதலாளிக்கும் மட்டும் தெரிந்தது. முதலாளி இறந்து ஆறு வருடம் ஆகிறது.

மறுநாள் சனிக்கிழமை காலை. இன்னும் நாற்பது வீட்டு டின்கள் வரவேண்டியிருந்தது. கட்டை போடுகிறவர் அடுப்பை எரித்துவிட்டார். சூடு பார்க்க ஆள் இல்லை. முதலாளி குட்டைச் சுவரில் கையை ஊன்றி நின்றுகொண்டிருந்தார். முகம் வாடியிருந்தது.

"கோவத்துல சொல்ட்டேன் ரெஜினா. பாவம் பாயி, எவ்ளோ வருசம்... ஆளனுப்பிக் கூப்டுக்கலாமா? இன்னா சொல்ற?"

நான் கூப்பிடுங்கள் என்று சொல்லியிருந்தால் போதும். பாயின் வீடு தண்டையார்பேட்டை. சைக்கிளில் போனால் அரை மணியில் திரும்பிவிடலாம்.

"வேணாம் மொதலாளி. நானே பாத்துக்கறேன்," என்றேன்.

சொல்லிவிட்டுச் சுவரைத் தாண்டினேன். இந்தத் தடவை யாரும் தடுக்கவில்லை. ஒரு சிட்டிகை மைதாவை வீசி எண்ணினேன். பதினோரு வருடம் பார்த்துக்கொண்டிருந்தவளுக்கு எண்ணத் தெரியாதா? நாற்பது டின்னும் நன்றாக வந்தன. 'பொம்பள கை பட்டா கேக்கே தனி' என்று பாராட்டினார்கள். பெண்களுக்கு ஆகாத அடுப்புச் சூடு ஒரே நாளில் ஆகிவிட்டது. அதன் பிறகு இருபத்து மூன்று வருடம், மின்சார அடுப்பு வந்து கிணுகிணு என்று மணியடித்து என்னை வீட்டுக்கு அனுப்பும்வரை, அங்கேதான் நின்றேன்.

அடுத்த டிசம்பரில் அந்தோணி அண்ணன் டின்னோடு வந்து, போன வருஷம் மாதிரி லேசாக மின்ட் வாசனை போடு, தொண்டைக்கு இதமாக இருந்தது என்றார். அதன் பிறகு நாலைந்து வீடுகள் கேட்டன. இப்போது கடைச் சுவரில் 'தாத்தா காலத்து மின்ட் பிளம் கேக்' என்று பலகையே மாட்டியிருக்கிறார்கள். எந்தத் தாத்தா என்று நான் கேட்கவில்லை.

ஷரீப் பாயை அதன் பிறகு எந்த பேக்கரியும் எடுக்கவில்லை. முப்பத்தொரு வீட்டுக் கிறிஸ்துமஸ் கேக்கைக் கெடுத்த மாஸ்டர் என்ற பேர் வண்ணாரப்பேட்டைவரை போயிருந்தது. சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட்டில் ஒரு குடோன் காவலுக்குப் போய்விட்டார் என்று கேள்விப்பட்டேன். நேரில் போய்ப் பார்க்க எனக்கு நேரம் கிடைக்கவில்லை. இருபத்து மூன்று வருடமாகக் கிடைக்கவில்லை.

பிரியா மாதிரிக்கு ஒரு டப்பா கொடுத்துவிட்டுப் போயிருந்தாள். போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அதை எடுத்துக்கொண்டு தண்டையார்பேட்டை போனேன். பாய் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். எழுபதைத் தாண்டிய உடம்பு, ஆனால் என்னை உடனே கண்டுகொண்டார். மூடியில் இருந்த படத்தைப் பார்த்துச் சிரித்தார்.

"இன்னாமா, மூஞ்சிக்கே ஐசிங்கு போட்டுக்கிறாங்க?"

ஒரு பிஸ்கட்டை எடுத்தார். மோந்து பார்ப்பார் என்று காத்திருந்தேன். மோக்கவில்லை. காதருகே வைத்து இரண்டாக உடைத்தார். சத்தத்தைக் கேட்டுவிட்டுத் தலையை ஆட்டினார்.

"சூடு கரீட்டு. மூக்குதான் போச்சு ரெஜினாமா. அத்தினி வருசம் துரு வாசனைலயே குந்திகினு இருந்தா இன்னா ஆவும்?"

அவருக்கு நான் சொல்ல வந்ததைச் சொன்னேன். சனிக்கிழமை காலை முதலாளி கேட்டது, நான் வேணாம் என்றது, எல்லாவற்றையும். சுற்றி வளைக்கவில்லை. சொல்லும்போது கண்ணீர் வந்தது. அதை வைத்து ஒன்றும் ஆகப்போவதில்லை என்று எனக்கே தெரியும்.

பாய் பாதி பிஸ்கட்டை டப்பாவுக்குள் திரும்ப வைத்தார்.

"கேட்டாரா?"

"கேட்டாரு பாய்."

"சனி, ஞாயிறு, திங்க. மூணு நாளும் சட்டயக் கயட்டாம இங்கியேதான் குந்திகினு இருந்தேன். ஆளு வரும், கூப்புடுவாங்கன்னு." தெருவைப் பார்த்தபடியே சொன்னார். "வரல. அந்தக் கோவம்தான் மனசுல நின்னுகிச்சு. மொதலாளி எறந்துட்டாருன்னு சொன்னாங்க. மொகம் பாக்கக்கூட போவலமா நான்."

அவர் என்னைத் திட்டவில்லை. அந்தப் பழைய பார்வைகூடப் பார்க்கவில்லை. டப்பாவை மூடி, என் படம் அடியில் போகும்படி திருப்பி, பக்கத்தில் வைத்தார்.

பிரியா, அந்த இடத்துக்கு எப்படி வந்தீர்கள் என்று கேட்டாய். 'நானே பாத்துக்கறேன்' என்று சொல்லி வந்தேன். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.